நாற்பத்தேழு யாருடையது?

1.

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வறுத்த மீன் தின்னப் போன இடத்தில் என் தட்டில் வந்து விழுந்தது. தவக்காலத்து வெள்ளிக்கிழமை, அமெரிக்காவின் ஈரி நகரத்துப் போலந்துக்காரர் கிளப், சுவரில் பெரிய தொலைக்காட்சி. அதில் ஒரு வாலிபன் கேமராக்களுக்கு முன்னால் சிரித்தபடி புதுச் சட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினான். சட்டையில் 47. என் எதிரே உட்கார்ந்து மீனுக்கு எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தவனின் எண்ணும் 47. தருகிறாயா என்று அவனை யாரும் ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

மொத்தக் கதையும் இவ்வளவுதான். இதற்கு எப்படித் தொடக்கம் வைப்பது என்பதில்தான் வந்தது வம்பு.

முதல் முயற்சி: "மார்ச் மாதம் ஈரி ஏரியின் பனிப்பாளங்கள் உடைகிற ஓசையில்—" வேண்டாம். அந்த ஓசையை நான் கேட்டதே இல்லை. நான் வேலை பார்ப்பது பிளாஸ்டிக் ஆலையில். அங்கே அச்சு இயந்திரங்களின் சத்தத்தில் ஏரியே இடிந்து விழுந்தாலும் காதில் விழாது.

இரண்டாவது: "பதினோரு ஆண்டுகளாகக் களத்தில் போராடிய மாவீரன் டாரல் ஸாவிட்ஸ்கி—" இதை டாரலிடம் படித்துக் காட்டினால் வேலி தாண்டி வந்து என் முதுகில் போடுவான்.

மூன்றாவது: "உங்களுக்கு டாரலைத் தெரியாது." இது பரவாயில்லை. எங்கள் ஊர் அணியில்தான் ஆடுகிறான், எங்கள் ஊர்க்காரர்களுக்கே அவனைத் தெரியாது.

2.

உங்களுக்கு டாரலைத் தெரியாது.

இங்கே கால்பந்து என்பது பெரும்பாலும் கையால் ஆடுவது. அதில் எப்போதாவது ஒருவன் உண்மையிலேயே காலால் உதைக்க வேண்டி வரும். அப்போது டாரல் உள்ளே வருவான். புல்லில் இருக்கும் பந்தின் மேல் குனிந்து, தன் கால்களுக்கு நடுவே அதைப் பின்னால் நிற்பவனின் கைக்கு வீசுவான். வெளியே போவான். இதற்கென்றே ஒரு ஆள், இதற்கென்றே ஒரு சம்பளம். சரியாக வீசினால் எல்லோரும் உதைத்தவனைப் பார்ப்பார்கள். தவறாக வீசினால்தான் டாரலின் பெயர் ஒலிபெருக்கியில் வரும். பதினோரு வருடத்தில் அவன் பெயர் இருமுறை வந்திருக்கிறது என்று ரோண்டா சொல்வாள். ரோண்டா அவன் மனைவி. அந்த இரண்டு முறையும் மழை என்பாள்.

ஆட்டம் இல்லாத மாதங்களில் அவன் தன் வீட்டுக்குப் பின்னால் பழகுவான். பின்னால் நின்று பிடிப்பது பக்கத்து வீட்டுக்காரனான நான். முதல் வருடம் என் சுண்டு விரல் வீங்கி, ஆலையில் ஒரு வாரம் இடது கையால் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் கையுறை வாங்கிக்கொண்டேன். இப்போது கண்ணை மூடிக்கொண்டு பிடிப்பேன். (பொய். கண்ணை மூடினால் மூக்கு போய்விடும். எழுத்து வேகத்தில் வந்துவிட்டது, இருக்கட்டும்.)

என் முழுப்பெயர் மாசிலாமணி. டாரலுக்கு நான் மாசி. நான் அவன் முகத்தை அதிகம் பார்த்தது தலைகீழாகத்தான், இரண்டு தொடைகளுக்கு நடுவே, நெற்றி கீழேயும் தாடி மேலேயுமாக. நேருக்கு நேர் வந்து நின்றால் சில சமயம் யாரோ போலிருக்கும். அவனை எனக்குப் பிடிக்கும். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் ஏதாவது ஒருபக்கமாக எழுதினால் உங்களுக்குக் காரணம் தெரிந்திருக்க வேண்டும்.

* பந்தை உதைக்கிற ஆட்டக்காரனைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தேன். நல்ல பத்தி. ஆனால் அணிக்கு ஐம்பத்துமூன்று பேர் என்று உச்சவரம்பு இருப்பதுபோலச் சிறுகதைக்கும் ஒன்று இருக்கிறது. ஐந்தாறு பேருக்கு மேல் போனால் வாசகர் எழுந்து போய்விடுவார். உதைப்பவனை இங்கேயே விடுவிக்கிறேன். அவனிடம் சொல்லவில்லை.

3.

மார்ச் மாதம் எங்கள் ஊரில் எல்லோரும் அணி மேலாளர் ஆகிவிடுவார்கள். யாரை வைத்துக்கொள்ளலாம், யாரைக் கழற்றிவிடலாம், ஒப்பந்தம் முடிந்து வெளியே நிற்பவர்களில் யாரைப் பிடித்து இழுக்கலாம் என்று பெட்ரோல் பங்கிலும் முடிவெட்டும் கடையிலும் ஒரே அலசல். எங்கள் பைலட்ஸ் அணிக்கு (பைலட் என்றால் விமானி இல்லை, துறைமுகத்துக்குள் கப்பலை நடத்திக்கொண்டு வருகிறவன்) இந்த வருடம் தேவைப்பட்டது எதிரணியின் பந்து எறிபவனை விரட்டிப் போய்ச் சாய்க்கிற ஒரு முரடன். அப்படி ஒருவன் ஜார்ஜியா பக்கத்திலிருந்து கிடைத்தான். டெமெட்ரியஸ் ஓக்ஸ். ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

டாரலின் ஒப்பந்தம் வருடத்துக்கு வருடம். மார்ச்சில் அவன் யாருக்கும் சொந்தமில்லாத ஆள். பெரிய ஆட்டக்காரர்களை வாங்கி முடித்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு சமையல்காரருக்கு இலை போடுகிற மாதிரி, மேலாளர் ஹால்வர்சன் அவனைக் கூப்பிடுவார். "இன்னொரு வருஷம்?" "சரி." பேச்சு முடிந்தது. ஆனால் டாரலுக்கு இப்போது முப்பத்தேழு வயது. எங்கள் அணி கூப்பிடாவிட்டால் வேறு எவனும் கூப்பிடமாட்டான். ஆட்டம் முடிந்தது என்று அர்த்தம். வீட்டை விற்றுவிட்டு, பனி விழாத அரிசோனாவில் ரோண்டாவின் ஊருக்குப் போவதாக அவர்களுக்குள் ஏற்பாடு. அதனால் ஒவ்வொரு மார்ச்சிலும் டாரல் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டே குப்பைத்தொட்டியை வெளியே வைப்பான்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கிளப் சங்கதி புரியாது. புதிதாக வருகிறவன் பழையவனின் எண்ணை விரும்பினால், கேட்க வேண்டும். பழையவன் விலை சொல்வான். போன வருடம் ஒருவன் தன் எண்ணைக் கொடுத்துவிட்டு மீன்பிடிப் படகு வாங்கிக்கொண்டான். இன்னொருவன் புதியவனைத் தன் மாமியார் வீட்டுக் கூரையில் ஏறிப் பனி தள்ளவைத்தான். ஒப்பந்தம் முடிந்து நடுவழியில் நிற்கிறவனின் எண்ணைக்கூடக் கேட்காமல் தொடமாட்டார்கள். கேட்டால், உன்னை இன்னும் வீட்டாளாக நினைக்கிறார்கள் என்று பொருள். கேட்காமல் எடுத்தால், உன் துணிமணியை மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டார்கள்.

இப்போது கிளப்புக்குத் திரும்புவோம்.

4.

ஓக்ஸ் சட்டையைத் தூக்கிக் காட்டியதும் கிளப்பே கைதட்டியது. எங்கள் மேசை மட்டும் அப்படியே இருந்தது. பக்கத்து மேசையில் ஒருவர் பியரை வைத்துவிட்டுத் தன் கூட்டாளியைக் கேட்டார்:

"நாப்பத்தேழு இதுக்கு முன்னாடி யார்கிட்ட இருந்துச்சு?"

"யார்கிட்டயும் இல்லப்பா. சும்மாதான் கெடந்துச்சு."

ரோண்டா முள்கரண்டியோடு எழுந்துவிட்டாள். "சும்மா கெடந்துச்சாமே! பதினோரு வருஷமா அந்த நம்பர முதுகுல போட்டுக்கிட்டு ஸ்டேடியத்துல வெறச்சுப்போய் உக்காந்திருந்தவ நான். இப்பப் போயி அந்தாளு முதுகுல எழுதிட்டு வர்றேன் பாரு."

"உக்காரு ரோண்டா. மீன் ஆறுது," என்றான் டாரல்.

"உனக்குக் கோவமே வராதா?"

"வருது. இன்னும் கொஞ்சம் முட்டைகோஸ் வாங்கிட்டு வந்து கோவப்படறேன்."

எழுந்து வரிசையில் போய் நின்றான். முட்டைகோஸ் பரிமாறுகிற அம்மாளுக்கு அவன் ஸாவிட்ஸ்கி குடும்பத்துப் பையன் என்று தெரியும். ஆட்டக்காரன் என்று தெரியுமா என்பது சந்தேகம். அவன் தட்டை நீட்டிக்கொண்டு, அந்த அம்மாள் அள்ளி வைத்த பிறகும், நீட்டியபடியே நின்றான். பின்னால் நின்றவர் தோளைத் தட்டிய பிறகுதான் நகர்ந்தான்.  எழுத்தாளனுக்கு அந்த நேரத்தில் கதை தோன்றும் என்பார்கள். எனக்குத் தோன்றியது, அரிசோனாவில் போய் இவன் யாருக்குப் பந்து வீசுவான் என்பதுதான்.

5.

இந்த இடத்தில் எனக்கு ஒரு கெட்டவன் தேவைப்பட்டான்.

முதல் வரைவில் ஹால்வர்சனைக் கெட்டவன் ஆக்கினேன். "கண்ணாடிச் சுவருக்குப் பின்னால், காபிக் கோப்பையைச் சுழற்றியபடி, ஒரு மனிதனின் பதினோரு ஆண்டுகளை விரல் சொடுக்கில்—" எழுதும்போது சுகமாக இருந்தது. ஆனால் ஹால்வர்சனை நான் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறேன், மளிகைக் கடையில், தக்காளியை அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காபி குடிப்பாரா என்றே தெரியாது.

சனிக்கிழமை காலை நடந்தது வேறு. பனி தள்ளும் இயந்திரத்தைத் திருப்பிக் கொடுக்க டாரல் வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறையில் நிக் உட்கார்ந்திருந்தார். நிக் அணியின் சட்டை, தலைக்கவசம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு. எண் பேரம் எதுவானாலும் அவர்தான் இரண்டு பக்கமும் பேசி முடிப்பார். மேசையில் ஒரு மிட்டாய்ப் பெட்டி. ஈரியில் மன்னிப்பு கேட்கப் போகிறவர்கள் அந்தத் தேன்கூட்டு மிட்டாயைத்தான் வாங்கிக்கொண்டு போவார்கள்.

"மேலேருந்து ஆர்டர் வந்துச்சு, ஓக்ஸுக்கு நாப்பத்தேழு தைங்கன்னு," என்றார் நிக். "நான் என்ன நெனச்சேன்? மேலயே உங்கிட்டப் பேசிட்டாங்க, உன்ன அனுப்பிட்டாங்கன்னு நெனச்சேன். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு உனக்குப் போன் பண்றது? வாயத் தொறக்காம தச்சிட்டேன்."

"மேல என்ன நெனச்சாங்க?" என்றான் டாரல்.

"நம்பர் விஷயம்னா எப்பவும் நிக்தானே கேப்பான், கேட்டிருப்பான்னு நெனச்சாங்க."

ரோண்டா கையைக் கட்டிக்கொண்டு அடுப்போரம் நின்றாள். "அப்ப டாரல் வேணாம்னு யாருமே முடிவு பண்ணல?"

"சத்தியமா இல்லம்மா."

"வேணும்னும் முடிவு பண்ணல."

நிக் மிட்டாய்ப் பெட்டியைச் சற்று நகர்த்தி வைத்தார். "நேத்து ராத்திரி ஹால்வர்சனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். 'அடடா, ஸாவிட்ஸ்கி'ன்னாரு. அவ்வளவுதான். மறந்துட்டாரு டாரலு."

டாரல் சிரித்துவிட்டான். "பாத்தியா ரோண்டா, யாரும் என்ன டீம்லேருந்து வெட்டல. மறந்துதான் போயிருக்காங்க."

"இதுல என்ன சந்தோஷம் உனக்கு?"

"இப்ப நெனப்பு வந்துருச்சு, அதான் பயமா இருக்கு," என்றார் நிக். "நெனப்பு வந்தா யோசிப்பாங்க. யோசிச்சா காலேஜ்ல இருந்து வர்ற பயலுவளோட வீடியோவ எல்லாம் பாப்பாங்க."

அன்றிலிருந்து நான் இதையே உருட்டிக்கொண்டிருக்கிறேன். வெட்டப்படுவது மேலா, மறக்கப்படுவது மேலா? வெட்டுவதற்காவது ஒருவர் உன் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மறந்துபோனால் பெயர் போகும், வேலை மிஞ்சும். டாரல் இதில் எதைத் தேர்ந்தெடுப்பான் என்று கேட்டுப் பார்த்தேன். மிட்டாயை மென்றபடி, "ரெண்டுமே பல்லுல ஒட்டுது," என்றான்.

* நிக்குக்கு இரண்டாவது வரைவில் ஒரு மகளும் அவளுக்கு ஒரு கல்யாணமும் கொடுத்திருந்தேன். இடமில்லை. மன்னிக்கவும், நிக்.

6.

நிக் கிளம்புவதற்குள் டாரலின் தொலைபேசி அடித்தது. மற்ற மூன்று பேரும் திரையை எட்டிப் பார்த்தோம். ஹால்வர்சன் இல்லை. டாரல் அதை மேசையில் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி செய்தான்.

"சார், நான் டெமெட்ரியஸ் ஓக்ஸ் பேசறேன். டிவில பாத்துட்டு எங்கம்மா கேட்டாங்க, 'அந்த நம்பர் யாருதுடா, கேட்டு வாங்கினியா'ன்னு. அப்புறம்தான் பாத்தேன், உங்களுது. மன்னிச்சிருங்க சார். எனக்கு யாருமே சொல்லல. சின்ன வயசுலேருந்து அந்த நம்பர்தான் சார் போடறேன். நீங்க என்ன வேணும்னாலும் கேளுங்க. படகு வேணுமா?"

"படகெல்லாம் வேணாம் தம்பி. யோசிச்சுச் சொல்றேன்."

அவன் வைத்ததுதான் தாமதம், சமையலறை சந்தைக்கடையாகிவிட்டது. ரோண்டாவுக்கு வாசல் பாதைக்கு அடியில் சூடாக்கும் கம்பி போட வேண்டும், இனிப் பனி தள்ளக் கூடாது. நிக்குக்கோ ஹால்வர்சன் எதிரிலேயே ஓக்ஸ் பேரம் பேச வேண்டும், அப்போதுதான் டாரலை வைத்துக்கொள்ளாவிட்டால் அவர்களுக்கு அசிங்கம்.

"நீ எழுதுறவனாச்சே மாசி, நீ சொல்லு," என்றான் டாரல்.

நான் யோசிக்கவே இல்லை. "அவன் இப்ப அவங்களோட செல்லப்பிள்ள. ஹால்வர்சன்கிட்ட ஒரு வார்த்த சொல்லச் சொல்லு, ஸாவிட்ஸ்கி இருக்கணும்னு. நாளைக்கே கையெழுத்து ஆயிடும்."

 ரோண்டா கணவனையே பார்த்தாள். அவளும் அதைத்தான் நினைத்திருந்தாள் என்று தெரிந்தது.

"அத மட்டும் கேக்க மாட்டேன்," என்றான் டாரல்.

"ஏம்ப்பா?" என்றேன்.

"அப்படி வாங்கின எடத்துல குனிஞ்சு நின்னா, எனக்குப் பந்து நேராப் போவாது."

இங்கே நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) டாரல் எண்ணைக் கொடுக்க மறுக்கிறான். ஊரே அவன் பெயரைத் தெரிந்துகொள்கிறது, திட்டுவதற்காக. — டாரலுக்குச் சண்டை வராது. இது என் கோபம், அவன் கோபம் இல்லை.

(ஆ) எண்ணைச் சும்மா கொடுத்துவிட்டு அரிசோனா போகிறான். அங்கே மணலில் தனியாகக் குனிந்து— இதை என்னால் எழுத முடியவில்லை. எழுதினால் நடந்துவிடுமோ என்று ஒரு பயம். சிரிக்காதீர்கள்.

(இ) ஹால்வர்சன் தானே வாசலுக்கு வந்து மணி அடிக்கிறார். கையில் தக்காளி. — எனக்குப் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பக் கூடாது.

டாரல் என்ன கேட்டான் என்பது ஞாயிற்றுக்கிழமை காலை தெரிந்தது. "நம்ம வீட்டுப் பின்னால வந்து நின்னு நாலு பந்து பிடி தம்பி. அந்த நம்பர்ல இருந்தவன் என்ன வேல பாத்தான்னு தெரிஞ்சுக்க. அப்புறம் எடுத்துட்டுப் போ." ரோண்டா வேலிக்கு மேலாக இதைச் சொன்னபோது எனக்குக் கைதட்டத் தோன்றியது. என்ன நேர்த்தியான விலை! ஒரு எழுத்தாளனுக்கு வந்திருக்க வேண்டிய யோசனை. அந்தப் பையன் எங்கே நின்று பிடிப்பான் என்று மட்டும் நான் யோசிக்கவில்லை.

7.

அன்று மதியம் வழக்கம்போலக் கையுறையை மாட்டிக்கொண்டு என் பின்வாசல் வழியாகப் போனேன். பனி உருகி எங்கும் சேறு. ஓக்ஸ் வந்துவிட்டிருந்தான். கதவை விட அகலம். வெள்ளைக் காலணி போட்டுக்கொண்டு வந்திருந்தான், பாவம். அவன் நின்ற இடம் டாரல் வீட்டுக்குப் பின்னால், மேப்பிள் மரத்தின் அருகே. அங்கே புல் முளைக்காத இரண்டு திட்டுகள் உண்டு. என் பூட்ஸ் தேய்த்துத் தேய்த்து உண்டானவை. அவன் கால்கள் அதில் கச்சிதமாகப் பொருந்தியிருந்தன.

"வணக்கம் சார்," என்று எனக்கும் ஒரு வணக்கம் போட்டான். நல்ல பையன்.

நான் வேலியோரமாகவே நின்றுவிட்டேன். கையுறையைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் திணித்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது, சொல்வதில் வெட்கமில்லை. இந்தக் கதையை எழுதுகிறவனே நான். உதைப்பவனை வெட்டினேன், நிக்கின் மகளை வெட்டினேன், ஒருவரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது என் கதையிலேயே என் இடத்தில் ஒருவன் நிற்கிறான். யாருடைய இடம் என்று ஓக்ஸை யாராவது கேட்டால் என்ன சொல்வான்? சும்மாதான் கிடந்தது என்பான்.

டாரல் பந்தின் மேல் குனிந்தான். தொடைகளுக்கு நடுவே அந்தத் தலைகீழ் முகம் வந்தது. ஓக்ஸைப் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி வேலிப் பக்கம் பார்த்தது. பந்து வரவில்லை.

"மாசி," என்றான் டாரல், குனிந்தபடியே. "அது உன் எடம். இந்தத் தம்பி கொஞ்ச நேரம் நிக்கலாமா? என்ன வேணும், கேளு."

ஓக்ஸ் நெருப்பை மிதித்தவன்போலத் துள்ளி விலகினான். வெள்ளைக் காலணி சேற்றில் கணுக்கால்வரை போய்விட்டது. "ஐயோ, இதுவும் ஒருத்தரோடதா சார்? எங்கம்மாகிட்ட சொல்லிடாதீங்க!"

படியில் உட்கார்ந்திருந்த ரோண்டா விழுந்து விழுந்து சிரித்தாள். இந்த இடத்தில் அவள் கையில் இருக்கும் டாரலின் தொலைபேசி அடிப்பதாகவும், "ஹால்வர்சன்!" என்று அவள் கத்துவதாகவும் எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி கோடு போட்டு அடித்தேன். அந்தத் தொலைபேசி அடிக்கட்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்படுகிறேன் என்பது இதற்குள் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அப்படி ஆசைப்படுகிறவன் கையில் முடிவைக் கொடுக்கக் கூடாது.

அதனால் எல்லோரையும் அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறேன். ஓக்ஸ் சேற்றில் நிற்கிறான். நான் வேலியோரம், பைக்குள் கையுறையோடு. டாரலின் முகத்தில் ரத்தம் இறங்கிச் சிவந்துகொண்டிருக்கிறது, ஆனாலும் என் பதிலுக்காகக் குனிந்தே காத்திருக்கிறான். அந்தத் தொலைபேசி அடிக்குமா, இந்த வருடமும் அவன் ஆடுவானா, நான் என்ன கேட்டேன், எதையும் நான் எழுதப்போவதில்லை. மரத்தடியில் புல் முளைக்காத அந்த இரண்டு திட்டுகளும் இப்போது காலி. வேண்டுமானால் நீங்கள் வந்து நின்று, வருகிற பந்தைப் பிடித்து, முடிவை உங்கள் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம்.

ஆனால் நிற்பதற்கு முன்னால், ஒரு வார்த்தை என்னைக் கேளுங்கள்.